நீ கழட்டவிடாத ப்ராசஸர்

இன்று காலை ஒரு ப்ராசஸரைத் துடைப்பதற்காக ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதுமே நீ கடைக்குள் வந்துவிட்டாய். நான் கூப்பிடவில்லை. ஆனாலும் புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று, ஃபேன் சுற்றி, விளக்கெல்லாம் எரிந்து, திரை மட்டும் இருண்டு கிடந்தால் போதும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாய்.

உன்னைப் பற்றி ஊரில் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். செத்தவனைப் பற்றி வேறு எப்படிப் பேசுவார்கள்? "என்னா கை பாய் அது, தொட்டா மிஷின் பேசும்" என்றார் உப்பு ஆபீஸ் கணக்கர், போன வாரம். தலையாட்டிவிட்டு பிரிண்டரைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

பாலிடெக்னிக்கில் நமக்கு ஒரே பெஞ்ச். நீ மரக்காணத்தில் பஸ் ஏறுவாய், நான் கூனிமேட்டில் ஏறுவேன். அதுவரை உன் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு வருவாய். யாராவது கேட்டால், "ஆளு இருக்குதுங்க, பின்னாடி நிக்குது" என்பாய். கூசாமல் சொல்வாய். எனக்காகச் சொன்ன பொய் என்பதால் அன்றைக்கு அது இனித்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் கடையைப் போட்டோம். வருகிறவர்களிடம் பேசுவதும் சாஃப்ட்வேரும் என் பொறுப்பு, மிஷின் பூட்டுவது உன் பொறுப்பு. நீ குடிப்பாய் என்பது தெரியும். வேலை நேரத்தில் குடித்ததில்லை என்பதால் நான் அதிகம் கேட்டதில்லை.

பிரம்மதேசத்துக் கீர்த்தனாவை நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். சிவில் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண். கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைவதில் கெட்டிக்காரி. சென்னைக் கம்பெனி ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருந்தபடியே தேர்வு எழுதச் சொல்லியிருந்தது. அவளிடம் இருந்த பழைய லேப்டாப், படத்தைத் திருப்பினாலே நின்றுவிடும். அதற்காகத்தான் அவள் அப்பா புது மிஷின் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நீ தனியாக உட்கார்ந்து அதைப் பூட்டினாய். சனிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் எடுத்துப்போக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"கேபிளைப் பாரு பாய்" என்றாய். மாற்றினேன். போர்டின் ஓரத்தில் மெமரிக்கான சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. "ரேம் சரியா உக்காரல. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு காண்டாக்ட் கருத்துடுது பாய்." நேற்றுப் பெட்டியைவிட்டு வெளியே வந்த ரேம், ஒரே ராத்திரியில் எப்படிக் கருக்கும் என்று நான் கேட்கவில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ரப்பரால் தேய்த்தேன். ஒவ்வொன்றாக, இடம் மாற்றி மாற்றிச் செருகினேன். என் மிஷினிலிருந்து வேறு ரேம் எடுத்துப் போட்டேன். போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழட்டி மாட்டினேன். பவர் சப்ளையையே மாற்றினேன். நீ ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, டார்ச் பிடித்துக்கொண்டு, கூடவே இருந்தாய்.

"ப்ராசஸரைக் கழட்டிப் பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் பாய். நானே பாத்துப் பாத்து வெச்சிருக்கேன். கழட்டுனா பேஸ்ட்டு வீணாப்பூடும்."

மத்தியானம் அவள் அப்பாவுக்கு நீதான் டீ வாங்கிக் கொடுத்தாய். "பயப்படாதீங்கய்யா, பாய் கை வெச்சா எழுந்துக்கும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

சாயந்திரம் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். நீ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸரின் சூட்டைத் தணிக்க அதன்மேல் பூட்டியிருந்த கூலரைக் கழட்டினேன். இரண்டுக்கும் நடுவில் தடவியிருந்த பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ப்ராசஸரைத் தூக்கினேன். அதன் அடியில், போர்டின் சாக்கெட்டில், முடியளவு பின்கள் வரிசை வரிசையாக நிற்க வேண்டும். ஒரு மூலையில் அவை படுத்துக் கிடந்தன, நாற்றங்காலில் மாடு புகுந்த மாதிரி. ப்ராசஸர் கைநழுவி விழுந்திருக்கிறது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சாக்கெட்டைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தெரியுமா ஒனக்கு?"

"கை வழுக்கிடுச்சு பாய்."

"எப்ப?"

"நேத்து."

ஊசியால் நிமிர்த்திப் பார்த்தேன். நிமிர்ந்த பின்களில் ஒன்று உடைந்தது. அதோடு போர்டு முடிந்தது. பாண்டியில் அந்த போர்டு வைத்திருந்த டீலருக்குப் போன் போட்டேன். "கடைய மூடிட்டு ஊருக்குக் கெளம்பிட்டேன் பாய். திங்கக்கெழம வாங்க. காலைல ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்ஸுலயே குடுத்தனுப்பியிருப்பேனே" என்றார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

அப்போதும் நீ கீர்த்தனாவைப் பார்த்து, "கம்பெனிலேருந்தே டேமேஜா வந்திருக்குதும்மா" என்று ஆரம்பித்தாய். "இல்லம்மா, எங்க கையில ஒடஞ்சது. நேத்தே ஒடஞ்சிருக்குது" என்றேன் நான்.

அவள் சத்தம் போடவில்லை. "மத்தியானமே சொல்லியிருந்தா நானே பஸ் ஏறிப் போய் வாங்கியாந்திருப்பேனே அண்ணே" என்றாள். அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் போனதும் என்மேல் பாய்ந்தாய். "வெளியாளு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே பாய். இத்தினி வருஷம் ஒன்னா இருந்து?"

"காலைல வாயத் தொறந்திருந்தா ஒன் மானமும் இருந்திருக்கும், அந்தப் பொண்ணு பரிட்சையும் இருந்திருக்கும். நாள் பூரா என்னத் தேடவுட்டு வேடிக்க பாத்தியேடா."

வண்டியை எடுத்தாய். டாஸ்மாக் பக்கம் திரும்பியதை வாசலில் நின்று பார்த்தேன்.

மறுநாள் அவள் பழைய லேப்டாப்பிலேயே எழுதிப் பார்த்தாளாம். பாதியில் நின்றுவிட்டது. கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். போன மாதம் அங்கே துணி எடுக்கப் போனபோது என் பையில் பில்லைப் போட்டுக் கொடுத்தாள். முகம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நீ கடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு நாள் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாய்.

"மெட்ராஸ் ஐ பாய். கிட்ட வராத, ஒட்டிக்கும்."

நம்பினேன். அவ்வளவு நடந்த பிறகும் நம்பினேன். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி, உன் கையைத் தொடாமல் மேசைமேல் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனாய். வாரக்கணக்கில் அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தாய். உன் மனைவி செல்வியிடமும் அதையே சொல்லி வாசல் பக்கம் பாய் போட்டுப் படுத்திருக்கிறாய். ஒட்டிக்கொள்ளும் என்று உன் பிள்ளையைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் மஞ்சளாகிக்கொண்டே போனது யாருக்கும் தெரியவில்லை. வயிறு வீங்கிய பிறகுதான் பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈரல் போய்விட்டது, முன்னாடியே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு அந்த டீலரின் குரல் கேட்டது.

ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நின்றேன். ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். "சப்ளை வர்து பாய், டிஸ்ப்ளேதான் இல்ல" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ கடைசியாக என்னிடம் பேசியது அதுதான்.

காரியம் முடிந்து செல்வி உன் சாமான்களை எடுத்துப்போகக் கடைக்கு வந்தார். நான் மனசில் இருந்ததைக் கொட்டினேன். குடித்துவிட்டு வேலை செய்துதான் அந்த போர்டை உடைத்தான், அதை மறைக்க அந்தப் பெண்ணின் பிழைப்பையும் கெடுத்தான் என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அந்த வாரம் அவரு ஒரு சொட்டு தொடலீங்களே பாய். புள்ள தலமேல அடிச்சு சத்தியம் பண்ணாரு. குடிய வுட்டதுல ஒடம்பு கெடந்து ஒதறுச்சு. சோத்தக்கூட அள்ளித் திங்க முடியல, நான்தான் ஊட்டிவுட்டேன். ஒங்ககிட்ட சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. குடிப்பதை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குடியை விட்டதை மறைத்தவன் நீ ஒருத்தன்தான். "கை நடுங்குது பாய், இத நீயே மாட்டு" என்று வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே மாட்டியிருப்பேன். அந்தப் பெண் தேர்வு எழுதியிருப்பாள். நீ அன்றைக்கு டாஸ்மாக் பக்கம் திரும்பியிருக்க மாட்டாய். என் முன்னால் என்ன கௌரவம் வேண்டிக்கிடந்தது உனக்கு? பஸ்ஸில் எனக்காகப் பொய் சொன்ன வாய்க்கு, என்னிடம் ஒரு உண்மை சொல்ல முடியவில்லை.

உனக்காக துஆ கேள் என்கிறாள் என் மனைவி. கையை ஏந்துகிறேன். வார்த்தைக்குப் பதில் கோபம்தான் வருகிறது. அல்லாஹ் அதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்றைய மிஷினுக்கு உயிர் வந்துவிட்டது. பெரிய கோளாறு இல்லை. நான் ரேமைத் தொடவில்லை, கேபிளைத் தொடவில்லை. எடுத்ததுமே ப்ராசஸரைக் கழட்டினேன். இப்போதெல்லாம் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. உப்பளத்து வெயிலிலிருந்து நேராக வருகிறவர்கள் கருப்புக் கண்ணாடியோடு கடைக்குள் நுழைகிறார்கள். "மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கழட்டியவர்களின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மிஷினைப் பார்க்கிறேன்.