பூவன்பழத்தோடு பெரியவரைப் பார்க்கப் போனது

சனி, ஆடி 10

காலையிலிருந்து ஒரே காற்று. ஸ்டுடியோ பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. இவரிடம் சொன்னேன், காதிலேயே விழவில்லை. ஆடி, அதனால் கல்யாண வேலை கிடையாது. மாப்பிள்ளை பெண் முகங்களிலிருந்து கேமராவுக்கு விடுதலை. எனக்கும்.

தொண்டாமுத்தூர் தாண்டி அந்த மலையடிவார பங்களா. வெளியே எல்லாம் எடுத்தாகிவிட்டது. உடைந்த கலர்க் கண்ணாடி, தூணைச் சுற்றிய ஆலவேர், கூரைமேல் மயில். உள்ளே போக மட்டும் மில் குடும்பத்துப் பெரியவரிடம் கேட்க வேண்டும். அவர் வந்தால் சொல்வதாக, பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் மரகதக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மதியம் அக்காவின் போன். காற்றில் பாதி கேட்கவில்லை. "அம்மணி, பெரியவரு வந்து நிக்கறாருங்க. இன்னிக்கு..." அவ்வளவுதான், கட்.

எடுத்துக்கொள்ள: வைட் லென்ஸ், பேட்டரி, நல்ல புடவை. பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடா? வழியில் பூவன்பழம்.

ஞாயிறு, ஆடி 11

நேற்று வந்து எழுத முடியவில்லை. 

பங்களா முற்றத்தில் ஆளே இல்லை. "ஐயா" என்று கூப்பிட்டபடி, பழத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனேன். வளைவுக்கு அடியில் சுவர் என்று நினைத்தது நகர்ந்தது. தந்தம்.

பின்னாலிருந்து மரகதக்கா, சத்தமே போடாமல்: "பழத்தப் போட்டுட்டு பைய பின்னால வாங்க. திரும்பாதீங்க, அம்மணி."

போட்டேன். திரும்பாமல் பின்னோக்கியே நடந்தேன். விரல் மட்டும் தானாக ஒரு தடவை கேமராவை அழுத்தியிருக்கிறது.

அப்புறம் அக்கா வீட்டில் வரக்காப்பி. "இன்னிக்கு வராதீங்கன்னுதானுங்க சொன்னேன். மொதலாளிய நாங்க மொதலாளிம்போம். பெரியவருன்னா யானைங்க. ஆனைன்னு பேரச் சொல்ல மாட்டமுங்க." எங்கள் கிணத்துக்கடவில் பெரியவர் என்றால் வயசானவர். அவ்வளவுதான்.

இவர் சிரித்து மாளவில்லை. "யானைக்கு ஆடிச்சீரு கொண்டுபோனது நீ ஒருத்திதான்."

படம்: பாழான வளைவு, துதிக்கையில் பழம், ஒரு கண்ணில் சாயங்கால வெளிச்சம். இனி இப்படி ஒன்று எனக்கு அமையாது. கோவைப் புகைப்படக் கண்காட்சிக்கு அனுப்பினேன். முகப்புப் படமே இதுதான் என்று பதில். சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம்.

செவ்வாய், ஆடி 13

அக்கா போன். நேற்று அந்தியில் யானை நேராக அக்கா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாம். ஜன்னலுக்குள் துதிக்கை. இதுவரை பலாமரம், குட்டை, மலை என்று தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்கார அண்ணனுக்குக் காலில் மாவுக்கட்டு, ஓட முடியாது. ஓட்டு வீடு வேறு. இரண்டு பேரும் பக்கத்துத் தோப்புக்காரர் மாடியில் போய்ப் படுக்கிறார்கள்.

என் பழம். என் பழம்தான்.

"உங்க மேல தப்பில்லீங்க" என்கிறார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

புதன்

போனேன். வனக்காவலர் வந்திருந்தார். வாசனை உள்ள எதுவும் அந்த வீட்டில் கூடாதாம். உப்பு, புளி, கருப்பட்டி, அரிசி, ஊறுகாய் எல்லாம் நானும் அக்காவும் தோப்புக்காரர் வீட்டுக்குச் சுமந்தோம். கட்டிலில் உட்கார்ந்தபடி அண்ணன் மேற்பார்வை: "அந்தப் புண்ணாக்க உட்டுபோட்டீங்களே."

காவலர் என் கேமராவைப் பார்த்தார். "படம் கிடம் வெளிய உட்டுராதீங்க. நாளைக்கு ஊரே பழத்தோட வந்து நிக்கும். அப்புறம் யானை வாசல் வாசலாப் போயி நிக்கும். புடிச்சுட்டுப் போங்கன்னு மனு குடுப்பாங்க."

அனுப்பியாகிவிட்டது என்று சொல்லாமல் கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் அழுதேன், கொஞ்சம். அந்தப் படம் இல்லாவிட்டால் நான் யார்? கல்யாண ஆல்பம்காரி. வீட்டில் இவர் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன்.

வியாழன்

கண்காட்சிக்காரரைக் கூப்பிட்டு, படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். "பேனர் அடிக்கக் குடுத்தாச்சுங்களே மேடம். இடத்துப் பேரு போடாம வெச்சுக்கலாமுங்க." அந்த வளைவைப் பார்த்தாலே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முடியாது என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. இனி என்னைக் கூப்பிடமாட்டார்.

வயிற்றெரிச்சல்தான். பெரிய மனசெல்லாம் இல்லை.

இவர் ஏணி போட்டுப் பெயர்ப்பலகைக்கு ஆணி அடித்தார்.

ஞாயிறு, ஆடிப்பெருக்கு

தூறல். கலந்த சாதம் மூன்று வகை, புளிச்சாதத்தில் உப்பு தூக்கல்.

பொழுது சாயும் நேரம் அக்கா போன். "முந்தாநேத்து பெரியவரு ஜன்னல்ல மோந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நேத்தும் இன்னிக்கும் ஊட்டுப் பக்கமே வரலீங்க. பலாமரத்துக்குப் போயிட்டு அப்படியே மலையேறிட்டாரு."

இன்னும் கொஞ்ச நாள் மாடியிலேயே படுங்கள் என்றேன்.

"நானும் சொன்னனுங்க. எங்க ஊட்டுக்காரரு கேக்கோணுமே. அங்க போயி ஒரு நாளும் தூங்கலீங்க அவரு. வனக்காவலரும் சரின்னுட்டாரு, இப்பத்தான் கூட்டிட்டு வந்தேன். இருங்க, கேளுங்க."

போனைக் கட்டில் பக்கம் நீட்டியிருப்பார் போல. குறட்டை. நல்ல கனத்த குறட்டை. நான் போனை வைக்கவில்லை.