கல்லறைச் சுவர் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இடது கால் புண்ணைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். விலாசத்தை உன் தம்பியிடம் வாங்கினேன். இந்தக் கடிதத்தை யாரும் எனக்காக எழுதவில்லை, நானே எழுதுகிறேன், ஒரு பக்கம் முடிய இரண்டு நாள் ஆகிறது, இருந்தாலும் வரிகளைத் திரும்பிப் பார்த்தால் புது உழவு உழுத வயலைப் பார்ப்பது போல இருக்கிறது. உனக்கு இது புரியாது, ஏனென்றால் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதே உனக்குத் தெரியாது. உன் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். பத்து வயதில் மாட்டோடு அனுப்பப்பட்டவன் நான். ஞானப்பாட்டும் ஞானோபதேசமும் காதால் கேட்டு மனப்பாடம், அதனால் கோயிலில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தாள் திருப்பும்போது நானும் திருப்புவேன். வேதம் வாசிக்கத் தெரியாதவன் சபை மூப்பனா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. சாயங்கால ஜெபத்தில் உன்னை வாசிக்கச் சொல்லி, தப்பு வருகிறதா என்று பார்க்கிறேன் என்று மிரட்டியதும் அதற்குத்தான். என் பெயரை மட்டும் படம் மாதிரி வரைய உன் அம்மா பழக்கிவிட்டிருந்தாள்.

கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸம்மாதான் இதைக் கண்டுபிடித்தது. மாத்திரை அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். எண்பத்தொரு வயதில் வெட்கம் எதற்கு தாத்தா, கட்டு மாத்துற நேரத்துல நாலு எழுத்து கத்துக்குங்க, வலியும் தெரியாதுன்னு சொன்னது. உர மூட்டை, விதைப் பொட்டலம், தீப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். நம் பழைய டிராக்டரில் இங்கே கால் வைக்கக் கூடாது என்று மஞ்சளில் எழுதியிருக்கிறது, முப்பது வருஷம் அங்கேதான் கால் வைத்து ஏறியிருக்கிறேன். உன் தம்பி பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. அந்தச் சந்தோஷம் அறுப்பு முடியும் வரைக்கும்தான். கோயில் கூரை ஒழுகுகிறது என்று சபையின் பழைய தீர்மானப் புத்தகங்களை நம் வீட்டு உள் அறையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். எனக்குப் பெரிய விருந்து வைத்த மாதிரி. மணிக்கயிறு யார் வாங்குவது என்று ஆறு மாதம் சண்டை போட்டிருக்கிறோம், அதையெல்லாம் விரல் வைத்துப் படித்து நானே சிரித்துக்கொண்டேன். அப்படியே வந்து ஒரு பக்கத்தில் உன் பெயரைப் பார்த்தேன். சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டதால் நற்கருணையிலிருந்தும் கல்லறைத் தோட்டத்து உரிமையிலிருந்தும் உன்னை நீக்குவதாக எழுதியிருந்தது. அதன் கீழே ஏழு கையெழுத்து, ஏழாவது என்னுடையது. மூன்று தரம் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். படிக்கத் தெரியாமலே செத்திருக்கலாம் என்று தோன்றியது.

நடந்ததைச் சொல்கிறேன், பழியை யார்மேலும் போடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, சிவப்பு மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. அதற்கு முந்தின கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் மாடு புகுகிறது, சுவரை உயர்த்திக் கட்ட வேண்டும் என்று பேச்சு. நான் போகாத கூட்டத்துக்கு மறுநாள், சபைக் காரியதரிசியாக இருந்த பள்ளிக்கூட வாத்தியார் புத்தகத்தோடு வயலுக்கே வந்தார். நீங்க இல்லாம முடிவு பண்ணினது எனக்கே சங்கடமா இருக்கு அண்ணே, நல்லா படிச்சுப் பாருங்க, மனசு ஒப்பலைன்னா போட வேண்டாம் என்றார். நான் புத்தகத்தை வாங்கி, உதட்டை அசைத்து, கண்ணை மேலிருந்து கீழே ஓட்டி, இதுல யோசிக்க என்ன இருக்கு வாத்தியாரே, எப்பவோ செஞ்சிருக்க வேண்டியது என்று சொல்லி என் பெயரை வரைந்து கொடுத்தேன். சுவர் என்று நினைத்தேன் கண்ணு. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, உங்களுக்குக் கல்லு மனசு அண்ணே என்றார். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தால்தானே சுவர் என்று அதற்கும் ஒரு நக்கல் அடித்தேன். உன் கல்யாணத்தில் எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான், அது ஒரு மாதத்தில் தணிந்துவிட்டது. நீயாக வருவாய் என்று இருந்தேன். அடுத்த வருஷம், உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த உன் அம்மாவுக்குக் கல்லறைக் கல் நாட்டிய அன்று கைப்பிள்ளையோடு வந்து சுவருக்கு வெளியிலேயே நின்றாய். நான் எல்லார் காதிலும் விழும்படி, அம்மா கல்லறைக்கு வர்றதுக்குக்கூட செருப்புல சேறு படும்னு பார்க்குறா பாருங்க என்றேன். பெற்ற தாயின் கல்லறைக்கு உன்னை வரவிடாமல் தடுத்தவனே அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ வரவில்லை, இருபத்தாறு வருஷம் உன்னைத் திமிர் பிடித்தவள் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உன் தம்பியைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, எப்பவோ செஞ்சிருக்க வேண்டியதுன்னு நீங்க வயல்ல சொன்னதை வாத்தியார் அப்படியே அக்காவுக்கு எழுதிட்டார்பா, அக்கா என்கிட்ட சொல்லி அழுதா, உங்ககிட்ட கேட்க எனக்குப் பயம் என்கிறான். பயப்படும்படிதானே நானும் இருந்தேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கால் கடுத்திருக்கும், யாரும் உட்காரவில்லை. இத்தனை வருஷமும் படிக்கத் தெரியாமலே தெரிந்த மாதிரி நடித்தேன் என்றும் சொன்னேன். மாவு மில்காரர் எழுந்து, விடுங்க மாமா, பழைய கதை, அவங்களே மறந்திருப்பாங்க என்றார். மறந்திருந்தா உள்ளே வந்திருப்பாளேய்யா என்றேன். இப்போது சபைப் போதகராக இருக்கிற ஐயர் சின்ன வயசுக்காரர், நல்லவர், அன்றைக்கே குழுவைக் கூட்டி அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து குறுக்கே கோடு போட்டுவிட்டார். அதைப் பார்த்து நான் எழுதிய நகலை இதோடு வைத்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருக்கும். இனி நீ தோட்டத்துக்குள் வரலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் மகளே, வயலில் நின்று நான் சொன்ன வார்த்தை அந்தப் புத்தகத்தில் இல்லை, மூன்று தரம் தேடிவிட்டேன். எழுதாத வார்த்தைக்கு எங்கே கோடு போடுவது என்று ஐயரைக் கேட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இல்லை, அதனால் எழுதவில்லை. உன்னையும் மாப்பிள்ளையையும், நான் முகம் பார்க்காத என் பேரப்பிள்ளைகளையும் ஆண்டவர் காக்கட்டும். உனக்கும் ஐம்பது ஆகப்போகிறது, முழங்காலில் குளிர் ஏற விடாதே, நம் வீட்டு எலும்பு அப்படி. பதில் எழுதுவதாக இருந்தால் பெரிய எழுத்தாக எழுது, திட்டுவதாக இருந்தாலும் பெரிய எழுத்திலேயே திட்டு, ஒரு வார்த்தை விடாமல் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா