பண்டிகையன்று பெட்டியோடு வந்தவர்

என் பெண்களின் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே நான், பெரியவள், வாண்டு மூவரும் நலம். துணைக்கு உங்கள் அக்கா வந்திருக்கிறார்கள். கடிதம் எழுதிக் கொடுத்தால், உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வருகிறதோ அங்கே சேர்த்துவிடுவதாகக் கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். எந்தத் துறைமுகம் என்று கேட்டேன். புயலில் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று அதே வாக்கியத்தைப் போன் செய்யும்போதெல்லாம் வேறு வேறு குரல் சொல்கிறது.

லேபில் மதியச் சாப்பாட்டு வேளையில் இதை எழுதுகிறேன். காலையில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது இரண்டு தடவை குத்தியும் ஊசி நரம்பில் ஏறவில்லை. அவர் கோபப்படவில்லை. "புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கியாம்மா?" என்று பரிவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

பண்டிகை நெருங்கிவிட்டது. அதை வைத்துத்தான் வீட்டில் ஒரு சின்ன மனத்தாங்கல். உங்கள் அக்கா வந்த அன்றே ஜன்னல் கம்பியில் வாண்டு ஒட்டிவைத்திருந்த வண்ணத்தாளைப் பார்த்துவிட்டார்கள். "தம்பி எங்க இருக்கான்னே தெரியல. இந்த வீட்டுக்கு இப்ப பண்டிகை ஒண்ணுதான் குறைச்சலா? அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்க?" என்று கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்ததிலிருந்து ஒரு வேளைகூட அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "இந்த வருஷம் வேணாம்னு நான் சொன்னா, அவர் இல்லைன்னு நானே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும் அண்ணி" என்றேன். அவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குள் உப்பு, சர்க்கரை, தண்ணீர் வந்ததா என்ற பேச்சுதான்.

பிள்ளைகளிடம் கப்பலில் போன் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். வாண்டு நம்பிவிட்டாள். "அப்பாதான் இஞ்சினையே ரிப்பேர் பண்ணுவாரே, ஒரு போனைப் பண்ண முடியாதா?" என்று உங்கள்மேல்தான் அவளுக்குக் கோபம். பெரியவள் எதுவுமே கேட்பதில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று கேள்வி கேட்டே நம்மை ஒரு வழி பண்ணுபவள் இல்லையா அவள்?

ஒவ்வொரு வருஷமும் நீங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டும் காகிதச் சங்கிலியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். போன வருஷத்து வளையங்கள் கொஞ்சம் நசுங்கியிருக்கின்றன. இந்த வருஷத்துக்கு எத்தனை வளையம் சேர்ப்பது என்று இருவருக்கும் சண்டை. பண்டிகைக் காலையில் காலி பாட்டிலின் வாயில் ஊதிக் கப்பல் சங்கு சத்தம் எழுப்பி நீங்கள்தானே அவர்களை எழுப்புவீர்கள். அதைப் பெரியவள் பழகிப் பார்க்கிறாள். "இது கப்பல் இல்ல, நாய்க்குட்டி" என்று வாண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உங்கள் அக்காவின் உதட்டோரத்தில்கூட ஒரு சிரிப்பு வந்து போனது.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. கூப்பிடுகிறார்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

இன்று பண்டிகை. சாயங்காலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் கீழே விளையாடப் போயிருக்கிறார்கள். இன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

காலையில் பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடியே, "அம்மா, அப்பா கப்பல் காணாமப் போயிடுச்சா?" என்று கேட்டாள். சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அத்தை போனில் யாரிடமோ சொல்லி அழுதபோது கேட்டுவிட்டாளாம். அதுவும் அவர்கள் வந்த புதிதிலேயே. எல்லாம் தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் உட்கார்ந்து வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ அழுவ. அப்புறம் பண்டிகை கிடையாதுன்னு ஆயிடும். வாண்டு பாவம்மா" என்றாள்.

அதற்குமேல் அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எங்க இருக்குன்னு தெரியலடா. தேடிட்டு இருக்காங்க" என்றேன். பின்னல் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ரிப்பனை இன்னும் இறுக்கிக் கட்டும்மா, அவிழ்ந்துடும்" என்றாள். கட்டினேன். அந்தச் சின்னத் தலைக்குள் இவ்வளவையும் எங்கேதான் வைத்திருந்தாளோ.

சமையல் பாதியில் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனி சட்டை. நீல நிறம், தோளில் வெள்ளைப் பட்டை. அந்தச் சட்டை வீடு தேடி வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களோடு வேலை பார்த்தவர்களின் மனைவிமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் அக்கா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவள் ஓடிவந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டாள், என்னவோ அவள் மறைத்தால் அந்தச் செய்தி என்னிடம் வராது என்பதுபோல. வாண்டுக்கு மட்டும் அது விருந்தாளி. துள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வந்தவர் கம்பெனி வண்டி ஓட்டுபவர். நரைத்த மீசை, கையில் ரிப்பன் கட்டிய பெட்டி. "பண்டிகை வாழ்த்துகள்மா. கம்பெனியிலேருந்து குடுக்கச் சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான். எல்லா வீட்டுக்கும் வருஷாவருஷம் அனுப்பும் இனிப்புப் பெட்டி. இருந்த கலக்கத்தில் அது எனக்கு மறந்தே போயிருந்தது.

உங்கள் அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "ஆள் எங்கன்னு சொல்ல உங்களுக்கு வக்கில்ல. இனிப்பு குடுக்க வந்துட்டீங்களா?" என்று கத்திவிட்டார்கள். அவர் பெட்டியில் ஒட்டியிருந்த கப்பல் பெயரை அப்போதுதான் படித்தார். முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. வண்டியில ஏத்திவிட்டாங்க, நான் இறக்கிக் குடுக்குறேன்" என்று சொல்லிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினார்.

வாண்டு விடவில்லை. பண்டிகையன்று வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம் ஆயிற்றே. வாசலை மறித்துக்கொண்டு, "சாப்பிடாமப் போனா எங்கப்பா வந்து எங்களைத் திட்டுவார்" என்றாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

தட்டு வைத்தேன். பரிமாறினேன். வாண்டு எதிரே உட்கார்ந்து, தான் எந்த வளையத்தை ஒட்டினாள், எது கோணல், அது ஏன் பெரியவளின் தப்பு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பார். அதற்குமேல் இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தார். ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை, விடுமுறை. விடாமல் வாசல் காவலாளியைக் கூப்பிட்டார். "மாடியில கன்ட்ரோல் ரூம்ல எவனாவது இருப்பான், போய்ப் போனைக் குடு. நான் அவங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன். பதில் தெரியாம எழுந்திரிக்க மாட்டேன்" என்றார்.

காத்திருந்தோம். அடுப்பை அணைக்க மறந்துபோய் ஏதோ அடிபிடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அவர் போனில் நெடுநேரம் "ம்" கொட்டினார். பிறகுதான் சொன்னார். காலையிலேயே செய்தி வந்திருக்கிறது. அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல் உங்கள் கப்பலைப் பார்த்திருக்கிறது. இஞ்சின் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருக்கிறது. மேல்தளத்தில் ஆட்கள் நின்று கையை ஆட்டியிருக்கிறார்கள். வீடுகளுக்குச் சொல்ல வேண்டியவர் லீவில் இருப்பதால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்களாம்.

எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். "தூரத்துலேருந்து பார்த்தது. அது தெரியலம்மா. உங்க மனசு சமாதானமாகணும்னு நான் ஒண்ணைச் சொல்லிட்டு, நாளைக்கு வேற மாதிரி ஆகக் கூடாது" என்றார். அந்த மனிதரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அவர் போன பிறகு உங்கள் அக்கா எழுந்துபோய் முகம் கழுவி, நான் எடுத்து வைத்திருந்த புதுத்துணியை உடுத்திக்கொண்டு வந்தார்கள். வாண்டுவைத் தூக்கிப் பிடித்துச் சங்கிலியை மாட்டவைத்தார்கள். அடிபிடித்ததைத் தவிர மீதியைச் சாப்பிட்டோம். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று கேட்காதீர்கள். மேல்தளத்தில் நின்று கையை ஆட்டியவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு முகமாக நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

பண்டிகை கழிந்து இன்றுதான் இந்தக் கடைசிப் பகுதியை எழுதுகிறேன். முன்னால் எழுதியதைக் கிழித்துப் போடவில்லை. நீங்கள் படிக்க வேண்டும்.

கம்பெனியிலிருந்து லேபுக்குப் போன் வந்தது. இழுவைக் கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லி, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். உங்கள் பெயர் வரும்வரை மற்ற எதுவும் என் காதில் விழவில்லை. பிறகுதான் வலது கையில் தீக்காயம், துறைமுக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறார்கள் என்றார்கள். இந்தக் கடிதத்தைக் கம்பெனி ஆள் அங்கேயே கொண்டுவந்து தருகிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாண்டு, போனைச் சரிபண்ணிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். பெரியவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்ததும், தன் பென்சிலை எடுத்ததற்காக வாண்டுவின் முதுகில் ஒரு அடி போட்டாள். இத்தனை நாளும் தங்கையைக் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்திருந்தவள். நான் யாரையும் திட்டவில்லை. அடித்தவளைத்தான் மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் அழுதாள்.

வலி அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கட்டு நனையக் கூடாது. பதிலை நர்ஸ் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள், இரண்டு வரி போதும். கம்பெனியிலிருந்து யாராவது வந்து அடுத்த கப்பல், அடுத்த ஒப்பந்தம் என்று தாளை நீட்டினால், கையில் கட்டு இருக்கிறது, கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிடுங்கள். பொய் இல்லையே.

கை நன்றாக ஆற வேண்டும். அவசரமில்லை. மெதுவாகவே ஆறட்டும்.

என்றும் உங்கள்,
பெண்களின் அம்மா