ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம்

அன்பு மகள் மரிசேலாவுக்கு,

உன் மகள் யாதிராவுக்கு அநியாயம் நடந்துவிட்டது. இனிக்கப் பேசி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள், அந்தக் கையெழுத்தை வைத்தே இப்போது அவளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை, கப்பலில் நீயும் அப்படியே இருக்கக் கன்னிமாதா துணை.

"உங்கம்மா உன்ன வேணாம்னு வீசிட்டுக் கப்பலேறிட்டா" என்ற வகுப்புப் பெண்ணை யாதிரா சாப்பாட்டுத் தட்டால் அடித்தது உனக்குத் தெரியும். பிறகு நன்னடத்தை அலுவலர் கால்வான் அம்மாள் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "கோர்ட்டு வேணாம், ஜட்ஜும் வேணாம், எவுசேபியோ ஐயா. ஆறு மாசம் சும்மா ஒரு கண்காணிப்பு, அவ்வளவுதான்" என்றாள். சும்மாதானே என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். "தாத்தா, அந்தச் சும்மா நாலு பக்கம் இருக்கு, படிச்சீங்களா?" என்று யாதிரா கேலி செய்தாள். எழுத்தில் அனுமதி வாங்காமல் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கிறது. முப்பது வருடமாக ஆற்றின் இரண்டு கரையிலும் திராட்சைக் கொடி வெட்டுகிறேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம் என்று எந்தக் கொடி எனக்குச் சொன்னது? சனிக்கிழமை அவளைத் தனியே விட மனமில்லாமல் வேலைக்கு வண்டியில் கூட்டிப் போனேன், பின்விளக்கு எரியவில்லை என்று அந்தக் கரையில் போலீஸ்காரன் நிறுத்தி அவள் பெயரைக் கேட்டான்.

ஒப்பந்தம் ரத்து, இப்போது வழக்கே போட்டுவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிபதி விதிக்கும் கண்காணிப்பாம், எங்கே போகிறாள் என்று காட்டும் கருவி காலில், கேட்காமல் வீட்டைச் சோதிப்பார்கள், வருடக்கணக்கில் இழுக்கலாம். வாதாடித் தோற்றால் தாய் அருகில் இல்லாத வீடு என்று அவளை வேறிடத்தில் வைக்கவும் கூடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நீதிபதி மனம் வைத்தால் பழைய ஒப்பந்தத்துக்கே திருப்பலாமாம், "அதுக்குத் தப்பு உங்களோடதுன்னு நீங்க எழுந்து சொல்லணும், பெரியவரே" என்கிறான் நமக்குக் கொடுத்திருக்கும் வக்கீல். என் தவறில்லை என்று அவனிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

குளிரில் மேல்தளத்தில் நிற்காதே. என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டில் விசாரணை, அதற்குள் நடக்க வேண்டியவை: நீ உன் கப்பல் அதிகாரியின் கடிதத்தோடு எப்போது வீடு திரும்புவாய் என்று எழுதி அனுப்பு. உன் தம்பி ரிகோபெர்த்தோ பின்விளக்கை மாற்ற வேண்டும். வக்கீல் பள்ளியின் வருகைச் சான்றை வாங்க வேண்டும். யாதிரா எதுவும் செய்ய வேண்டாம், நான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் பள்ளிக்குப் போய் அவள் பங்கை முடித்துவிட்டாள். அன்று நான் எழுந்து நின்று, தவறு என்னுடையது என்று சொல்ல வேண்டும்.

உன் அப்பா,
எவுசேபியோ