பார்க்கிறோம், பார்த்துக்கொள்கிறோம்

வியாழன் இரவு

சந்தாபுரா பக்கத்துக் கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் இன்று சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசின. இப்படிப் பேசவைக்கத்தான் எங்கள் அமைப்புக்கு வெளிநாட்டு நிதி வருகிறது. மொழிபெயர்ப்பது என் வேலை.

சங்கத்தின் சார்பில், தையல் பிரிவு மேரி அக்கா எழுந்தார். "பாத்ரூம் போக லைனுக்கு ஒரே டோக்கன் சார். போனவ திரும்பி வர்ற வரைக்கும் மத்தவங்க அடக்கிட்டு உக்காரணும். அதை எடுத்துடுங்க."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வடநாட்டு மேலாளர் தலையைத் தூக்காமலே, "வி வில் லுக் இன்ட்டு இட்" என்றார்.

"பாத்துக்கறோம்னு சொல்றாரு அக்கா" என்றேன்.

பெண்கள் கைதட்டினார்கள். மேலாளர் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது வெறும் 'பாக்கறோம்'. வாய் தவறியதா, அப்படியே ஆகட்டும் என்று நான் ஆசைப்பட்டேனா, இப்போதும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே குஷி. "முதல் உடன்பாடு! ரிப்போர்ட்ல இதைத்தான் மேல போடணும். அடுத்த வருஷ ஃபண்டுக்கு இது போதும்."

சற்று முன் மேரி அக்கா போன் செய்தார். "நாளையிலிருந்து டோக்கன் வாங்காமலே போலாம்னு லைன்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்மா."

சரி அக்கா என்று வைத்துவிட்டேன்.

காலையில் ஷிஃப்ட் தொடங்குவதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லலாம். இல்லை, மேலாளரைக் கூப்பிட்டு, நீங்கள் ஒப்புக்கொண்டீர்களே சார் என்று கேட்கலாம். யாரை முதலில் கூப்பிடுவது?