பெயர் மாறிய பூமி உருண்டை

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கொத்தனார்,
பள்ளிக்குப் பின்தெரு, பச்சைக் கதவு வீடு.

பெறுநர்:
கல்வி அதிகாரி அவர்கள்.

பொருள்: என் பேத்தி செய்த பூமி உருண்டையைத் தலைமையாசிரியர் தம் மகன் பெயரில் பரிசுக்கு வைத்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பூமியின் அடுக்குகளைக் களிமண்ணில் தாங்களே செய்து படிக்க வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். நல்ல பாடம். என் பேத்தி முதலில் ஈரத்தின்மேல் ஈரம் பூசியதில் உருண்டை வாய்பிளந்தது. மறுபடி உட்கருவம் இறுகியபின் புறக்கருவம், அதன்மேல் கவசம், கடைசியில் மேலோடு என்று ஒன்பது நாள் பொறுத்துச் செய்தாள். உள்ளே தெரியக் கால்பாகம் திறந்து விட்டு, கண்காட்சிக்காகப் பள்ளியில் ஒப்படைத்தாள்.

2. செவ்வாய்க்கிழமை கண்காட்சியில் அதே உருண்டை முதல் பரிசு மேசையில் இருந்தது. சீட்டில் தலைமையாசிரியர் மகன் பெயர். எனக்கு வாசிக்க வராது. பேத்திதான் வாசித்தாள், இரண்டு முறை.

3. கேட்கப் போனேன். தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும், "கைநாட்டுக்கெல்லாம் கண்காட்சியில என்னய்யா வேலை? எல்லா உருண்டையும் உருண்டையாத்தான் இருக்கும், போ" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் இவர் இங்கே புது வாத்தியார். ஆய்வகம் பூசி முடித்துப் பதிவேட்டில் விரல் வைத்த என்னிடம், "மையை என் சுவத்துல தொடச்சிடாத" என்றார். அவர் மேல் ஊதாக் கோடு போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை. பூசியவன் நான், சுவர் அவருடையதாம்.

4. திங்கட்கிழமை உருண்டை பெரிய போட்டிக்குப் போகிறது. அதற்குள், காலைக் கூட்டத்தில், தலைமையாசிரியர் தம் கையாலேயே அதை அடுக்கடுக்காகப் பெயர்க்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் பெயரையும் மைக்கில் சொல்ல வேண்டும். மறந்தால் மகன் எடுத்துக் கொடுக்கட்டும்.

உட்கருவத்தின் பின்பக்கம் வந்ததும் நிறுத்தலாம். அது ஈரமாக இருந்தபோது, "நீயும் ஒரு கையெழுத்துப் போடு தாத்தா" என்று பேத்தி என் பெருவிரலைப் பிடித்து அழுத்தினாள். பூச்சுக் கரண்டி வெட்டிய தழும்பு குறுக்கே ஓடும். கீழே உள்ள ரேகையோடு தாங்களே ஒத்துப் பார்க்க வேண்டும்.

உடைந்துபோகுமே என்று பேத்தியிடம் கேட்டேன். "உடையட்டும் தாத்தா, நான் வேற செஞ்சுக்குவேன். அவன் என்ன பண்ணுவான்?" என்றாள்.

ஆகவே தாங்கள் நேரில் வந்து நின்று இதை நடத்தித் தர வேண்டுகிறேன். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் போதும்.

இடம்: பள்ளிக்குப் பின்தெரு
தேதி: கண்காட்சி முடிந்த மறுநாள், புதன்கிழமை
சொல்லச் சொல்ல எழுதியவர்: மருந்துக்கடைக்காரர்

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)
மேற்படி கைநாட்டு.