இணைச்சீருக்கு வராத அக்கா

பெருந்துறை,
4-8-2025

என்ற கண்ணு லோகப்பிரியாவுக்கு, அம்மா சென்னியம்மா எழுதறது.

நீ போன் நம்பர மாத்திப்போட்டே. நம்ம சாதிச் சங்கத்துப் பசங்க விடியறதுல இருந்து கெட்ட வார்த்தைல பேசுனா நீயும்தான் என்ன பண்ணுவே. அதனால லெட்டரு. அஞ்சாவதோட நின்னவ எழுத்து, கோழி கெளறுன மாதிரி இருக்கும், பொறுத்துக்க.

இங்க மழை இல்ல. செவலை மாடு கெடேரிக்கன்னு போட்டிருக்குது. நெத்தில வெள்ளைப் பொட்டு, பால் குடிக்கறப்ப வாலை ஆட்டுது பாரு, பாத்துட்டே இருக்கலாம். சரி, சேதிக்கு வாரேன்.

உன்ற தம்பி மோகனுக்குக் கண்ணாலம். ஆவணி பன்னண்டு. பொண்ணு பவானி. பொண்ணோட தாத்தன் ஒரே புடியாச் சொல்லிப்போட்டாரு, "கூடப்பொறந்தவ இருக்கறப்ப எரவலுக்கு ஒருத்திய நிக்க வெச்சு இணைச்சீர் பண்றது எங்களுக்கு ஆவாதுங்க"ன்னு. அக்கா பக்கத்துல நின்னு கூறைச்சேலைக் கூடைய எடுத்தாத்தான் மாப்பளைக்கு மருவாதி. உனக்குத் தெரியாததா.

உன்ற தம்பி செஞ்சது தப்புத்தான். தேட்டர் முன்னால உன்ற சினிமாப் போஸ்டருக்குச் செருப்பு மாலை போட்டான். அதுக்குத்தான் சங்கத்துல இளைஞரணிச் செயலாளர் பதவி குடுத்தாங்க. அந்த மாலைல ஒரு செருப்பு என்றது கண்ணு. வாரு பிஞ்சு பொறவால கெடந்துச்சு. வீடியோவுல பாத்ததுலிருந்து அவனுக்குச் சோறு போடறேன், பேசறதில்ல.

ஆனா நீயும் சித்த யோசிச்சிருக்கோணும். காலனிச் சுப்பாத்தா புருசன் பொணத்த நம்ம வீதில உடலீன்னு மாடில நின்னு வீடியோ எடுத்துப் போட்டே. சினிமா மேடைலயும் பேசுனே. நாங்க என்ன அடிச்சா போட்டோம்? ரோட்டுல நின்னோம், அவ்வளவுதான். அவங்க வாய்க்கா மேட்டுல சுத்திக் கொண்டு போயிட்டாங்க.

வந்துரு அம்மணி.

அம்மா


சென்னை,
13-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும். கன்றுக்கு என் பெயரை வைத்துவிடாதே, அதற்கும் சங்கம் தடை போடும்.

என் படத்தைக் கோயமுத்தூர்ப் பக்கம் மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தமான இரண்டு படங்களும் போயின. "மேடம், உங்க பேரப் போட்டா ஈரோட்டுப் பக்கம் ஒரு ஷோ ஓடாதுங்க" என்கிறார் தயாரிப்பாளர். இதற்கு எப்படிப் பழி வாங்குவது என்று தெரியாமல் கிடந்தேன். அந்தத் தாத்தா வழி காட்டிவிட்டார்.

வருகிறேன். நீயும் மோகனும் சுப்பாத்தாக்கா வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். முதல் பந்தியில், சங்கத் தலைவருக்குப் பக்கத்து இலையில் அவள் உட்கார வேண்டும். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் கூடையை எடுக்கிறேன். முடியாதென்றால் மோகனுக்குப் பக்கத்தில் தலைவரே சேலையோடு நிற்கட்டும்.

லோகப்பிரியா


பெருந்துறை,
2-9-2025

கண்ணு லோகு,

கண்ணாலம் முடிஞ்சுது. உன்ற லெட்டரை மோகன் படிச்சான். "மானம் போவட்டும், இதுக்கு ஒத்துக்க மாட்டேன்"னுட்டு, அக்கா வெளிநாட்டு ஷூட்டிங்ல மாட்டிக்கிச்சுன்னு பொண்ணூட்டுக்குச் சொல்லிப்போட்டான். உங்க பெரியப்பன் மவ இனியாவ நிக்க வெக்கறதாப் பேச்சு.

மொத நாள் பொழுதோட மண்டபத்துல சீர். சமையல்காரன் ரசத்துல புளிய அள்ளிக் கொட்டிப்போட்டான், அது தனிக் கதை, வரும்போது சொல்றேன். சீர் நடத்தற அருமைக்காரரு கூப்புட்டாரு, இனியா கூடையத் தூக்குனா. நான் எந்திரிச்சுப் போயி கூடையப் புடிச்சுக்கிட்டேன்.

"ஏனுங்க, என்ற மவ வெளிநாட்டுல இல்லீங்க, மெட்ராஸ்ல இருக்கறா. இவன் அவளுக்குச் செருப்பு மாலை போட்டான். அதான் வரலீங்க"ன்னேன்.

மைக்கு பக்கத்துல இருந்தது எனக்குத் தெரியும் கண்ணு.

இனியா, "அக்கா இருக்கறப்ப நான் நிக்கலீங்க பெரியவரே"ன்னுட்டு எறங்கிட்டா. வந்திருந்த ஒறம்பரைச் சனத்துல ஒருத்தியும் நிக்க வரல. மணவறைல உன்ற தம்பி ஒத்தையா நின்னான். தாத்தன் கைத்தடிய ஊனிட்டு வந்து கேட்டாரு பாரு: "ஏனுங்க செயலாளரே, அந்தப் போஸ்டரு ஒண்ணு மிச்சமிருந்தாக் கொண்டாங்க, பக்கத்துல நிக்க வெச்சுக்கலாம்."

மண்டபமே சிரிச்சுது. தலைவரு சாப்புடாமயே கார் ஏறிட்டாரு. சீர் இல்லாமயே மறுநாள் தாலி கட்டுனான். பதவியும் போயிருச்சு. என்ற மனசு குளுந்துபோச்சு.

சுப்பாத்தாளக் கூப்புடச் சொன்னியே, அது மட்டும் என்னால ஆவாது அம்மணி. அவ வாசல்ல போயி நின்னா ஊருக்குள்ள நான் எப்படி நடக்கறது? உனக்கு வேண்டியது அவனைக் கேவலப்படுத்தறது. அதைச் செஞ்சுபோட்டேன். இனி வா.

அம்மா


சென்னை,
11-9-2025

அம்மா,

மூன்று முறை படித்தேன். தாத்தா போஸ்டர் கேட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த நாலு மாதத்தில் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அன்றைக்குப் பாடைக்கு முன்னால் முதலில் போய் நின்றது ஆண்கள் இல்லை. நீதான். கையை விரித்துக்கொண்டு "இந்த வழி ஆவாது, திருப்புங்க" என்றாய். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டேன். ஊர் முழுவதையும் காட்டிக்கொடுத்தவள் உன்னை மட்டும் மறைத்தேன்.

சுப்பாத்தாக்கா வழக்குப் போட்டிருக்கிறாள். முழு வீடியோ வேண்டுமென்று அவளுடைய வக்கீல் முகமது ரியாஸ் போன மாதமே கேட்டார். நீ அவள் வாசலுக்குப் போவாய் என்று காத்திருந்தேன். நேற்று கொடுத்துவிட்டேன், வெட்டாமல்.

விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். துணைக்கு இனியாவைக் கூட்டிக்கொண்டு போ. என்னால் உன்னோடு வர முடியாது. நான் அந்தப் பக்கத்துச் சாட்சி.

லோகப்பிரியா